ஒன்பதாம் தகடு

விண்ணப்பம் கேட்கிறது:
அறிவியலில் உங்களுக்கு ஆர்வம் பிறந்த தருணத்தை
முந்நூறு சொற்களுக்கு மிகாமல் விவரிக்கவும்.

அப்படியொரு தருணம் இல்லை.
புதுவயலில் கொடியிலிருந்து துணி எடுத்தால்
ஒரு உதறு உதறித்தான் மடிக்க வேண்டும்.
எல்லோரும் உதறினார்கள்.
நான் எண்ணத் தொடங்கினேன்.

பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள்,
பள்ளி ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியவை.
ஒரு டப்பா வாஸ்லின்.
அரிசி ஆலைப் புகைபோக்கியிலிருந்து தென்மேற்கே
நூறு நூறு மீட்டர் தள்ளி
பன்னிரண்டு மொட்டைமாடிகள்.
"செல்போன் டவர் வைக்கப் போறீகளா?" என்று
ஏழாவது வீட்டில் அரை மணி நேரம் ஏணியே தரவில்லை.
காலை எட்டுக்கு வைத்து மாலை ஆறுக்கு எடுத்தேன்.

நுண்ணோக்கியில் உமிச்சாம்பலைப் பார்த்ததுண்டா?
எரிந்த பிறகும் அதில் நெல்லின் தோல் இருக்கிறது,
மக்காச்சோளக் கதிர் மாதிரி
வரிசை வரிசையாய்ப் புடைப்புகள்.
ஒரு சதுர சென்டிமீட்டரில் எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினால் அறுபத்தெட்டு.
மூன்றாம் முறை கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஆலையை ஒட்டிய வீட்டில்தான் அதிகம் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. புகை முதலில் தலைக்கு மேலே போகிறது,
நானூறு மீட்டர் போய்த்தான் இறங்குகிறது.
நானூறாவது மீட்டரில் எங்கள் வீடு.

ஒன்பதாம் தகட்டின் மேல் ஒரு பல்லி நடந்திருந்தது.
ஐந்து விரல், வால் இழுத்த கோடு,
எண்ண முடியாதபடி ஈஷிய சாம்பல்.
"எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல ஒரு நம்பரப் போடுடி,
பெங்களூர்லேர்ந்து வந்தா எண்ணப் போறாக?"
என்றாள் சுலைகா. அவளும் விண்ணப்பிக்கிறாள்.
நாடு முழுக்க முப்பது இடம்.
அந்த முப்பதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

வரைபடத்தில் ஒன்பதை வெறுமையாய் விட்டேன்.
ஏன் என்று சொல்ல, பல்லிக்கு முப்பத்தெட்டுச் சொற்கள் ஆயின.
அதற்காக, "சிறு வயது முதலே" என்று தொடங்கிய பத்தியை
மொத்தமாய் அடித்தேன்.

பெற்றோரின் ஆண்டு வருமானம்: ஒரு கட்டம்.
தொழில்: இன்னொரு கட்டம்.
'ஆலைக் கொதிகலன்' என்று அதில் எழுதிவிட்டு
அடுத்த பக்கத்தில்
அந்தக் கொதிகலனின் சாம்பலை எண்ணியிருக்கிறேன்.

அப்பா கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினார்.
"ஆலை பேரு போட்டிருக்கியா?"
"இல்லப்பா. ஆலை அ."
"அ-வா" என்றார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.
பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி,
"பகல்லயில்ல எண்ணியிருக்க.
நாங்க ராத்திரி ரெண்டு மணிக்குல்ல தட்டிவிடுவோம்."

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று
என் முகத்தைப் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார். சோற்று வாளியோடு கிளம்பினார்.

ஆய்வின் குறைபாடுகள் என்றொரு கட்டம்.
நான்கு நாளாக அதில் 'ஏதுமில்லை' என்று இருந்தது.
அழித்தேன். எழுதினேன்:
இந்த எண்கள் பகலுக்கு மட்டும்.
இரவைப் பற்றி எனக்குத் தெரியாது.
தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

புகைப்படம் ஐம்பது கேபிக்கு மேல் இருக்கிறதென்று
நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள்.
ஐந்தாம் முறை, பதினொன்று நாற்பத்தேழுக்கு,
அம்மாவின் போனில் ஏழு இலக்க எண் ஒன்று வந்தது.
அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதாம் தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி,
பல்லி விரல் போய்விட்டதா என்று விளக்கில் பார்த்து,
புதிதாய் வாஸ்லின் தடவி
மாடியேறினேன்.

ஆலைப் பக்கம் இரும்பில் இரும்பு தட்டும் சத்தம்,
மூன்று முறை.
மணி இரண்டு நான்கு.
இரண்டு ஒன்பது.
காற்று எங்கள் பக்கம்தான்.
இன்னும் எதுவும் விழவில்லை.